போட்டுக்கு எத்தனை கிலோ கழிச்சீங்க?

போன மாதம் ஸ்டோரிலிருந்து பிரசாந்த் போன் போட்டான். ஸ்டோர் என்றதும் கடை என்று நினைத்துவிடாதீர்கள். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மடுல்சீமைப் பக்கத்து ஸ்டோர் ஒன்றில் முப்பத்து மூன்று வருஷம் நான் உட்கார்ந்திருந்த மெக்கானிக் ஸ்டூலில் இப்போது அவன் உட்கார்ந்திருக்கிறான்.

"பாஸ், கொழுந்து வாட்டுற காத்தாடிக்குப் பலம் பத்தலை. கொஞ்சம் பெரிய மோட்டர், ஒரு அஞ்சு குதிரைச் சக்தி கூடப் போட்டா சரியாயிடும்ல?"

"நேர்ல வாறேன்" என்றேன்.

"சும்மா ஆமா, இல்லைன்னு சொல்லுங்க பாஸ். அதுக்கு எதுக்கு பஸ் ஏறி வந்துகிட்டு?"

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் தூரத்திலிருந்து பதில் சொல்வதில்லை. அப்படிச் சொல்லி, ஒரு குடும்பத்தையே தண்ணீருக்குள் அனுப்பப் பார்த்தவன் நான். அதுவும் என்ன காரணத்துக்காக? எனக்கு நீச்சல் தெரியாது என்ற காரணத்துக்காக. பிரசாந்துக்கு இது தெரியாது. அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், தடையில்லை.

வேலை பழகிய காலத்தை நீட்டப் போவதில்லை. முதல் வருஷம் கிரீஸ் பூசினேன், இரண்டாம் வருஷம் யார் யார் கிரீஸ் பூசவில்லை என்று கண்டுபிடித்தேன், மூன்றாம் வருஷம் எனக்கு எல்லாம் தெரியும் என்று முடிவு செய்தேன். அந்த முடிவில்தான் ஒரு மோட்டரைக் கொளுத்தினேன்.

வாட்டுகிற தளத்தில் நீளத் தொட்டிகளின் கம்பி வலைக்கு மேல் பச்சைக் கொழுந்தைப் பரப்பி, ஈரம் போக அடியிலிருந்து காற்று விடுவோம். மூன்றாம் நம்பர் தொட்டியில் காற்று வரவில்லை. நான் என்ன செய்தேன்? யாரிடமும் கேட்காமல் மோட்டருக்குப் பெரிய கப்பி ஒன்றை மாட்டினேன். காத்தாடி விமானம் மாதிரிச் சுற்றியது. ஒரு மணி நேரம் நான்தான் பெரிய எஞ்சினியர். அதற்குப் பிறகு மோட்டர் கருகிய வாசம் டீமேக்கர் ஐயாவின் அறை வரைக்கும் போய்விட்டது.

டீமேக்கர் என்றால் ஸ்டோருக்கே பொறுப்பானவர். எங்களுடைய ஐயா மெலிந்த மனிதர். காதுக்கு மேல் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வந்தார், மோட்டரைத் தொட்டுப் பார்த்தார், விரலை ஊதிக்கொண்டார், காதிலிருந்த பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"எழுதுங்க தம்பி. இது இப்ப எவ்வளவு வேலை செய்யுது?"

எழுதினேன்.

"எவ்வளவு செய்யணும்?"

அதையும் எழுதினேன்.

"நடுவுல யாரு தின்னுறான்?"

எனக்குப் புரியவில்லை. அவர் குனிந்து, தொட்டியின் வலையைத் தூக்கிக் காட்டினார். அடிப்பக்கம் முழுக்கத் தேயிலைப் பஞ்சு. பூனை படுத்த மெத்தை மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. பழைய மோட்டரிடம் போதுமான பலம் இருந்தது. அந்தப் பஞ்சு அதைத் தின்றுகொண்டிருந்தது. நான் தின்கிறவனைப் பிடிக்காமல், அவனுக்கு இன்னும் ஒரு தட்டுச் சோறு வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து அந்த மூன்று கேள்விக்குப் பதில் எழுதாமல் ஐயா ஒரு பெல்ட் கூடத் தர மாட்டார். ஆறு மாதம் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு அவருடைய பென்சிலையே நான் என் காதில் வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். பதுளையிலிருந்து பம்ப் பழுது பார்க்கக் கூப்பிட்டார்கள், தெமோதரைப் பக்கம் மரம் அறுக்கிற எஞ்சினுக்குக் கூப்பிட்டார்கள். எங்கே போனாலும் மூன்று கேள்வி, ஒரு பென்சில். பாதி இடத்தில் புது எஞ்சின் தேவைப்படாது. எஞ்சின் விற்கிறவர்களுக்கு என்னைப் பிடிக்காததற்கு இதுதான் காரணம், என் முகம் இல்லை.

எஞ்சின் சாமான் விற்பவர்களில் என்னைப் பிடித்த ஒரே மனிதர் நஸீர் நானா. பண்டாரவளையில் பம்ப், பெல்ட், பேரிங் கடை வைத்திருப்பவர். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். நான் ஓய்வு பெற்று இரண்டு மாதம் இருக்கும். வீட்டில் குழாய் ஒழுகாமலேயே குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்த காலம். ஒருநாள் கோயில் பக்கம் போயிருந்தபோது நானாவின் போன் வந்தது.

"பாஸ், மருமகன்ட போட்டுக்கு எஞ்சின் மாத்தணுமாம். ஒருக்கா வந்து பார்த்துச் சொல்லுங்க. நீங்க சரின்னா மாத்துறது, இல்லாட்டி இல்ல."

"நானா, நான் மலையில பொறந்தவன். போட்டுன்னா எனக்குப் படத்துல பார்த்ததுதான்."

"எஞ்சின் எஞ்சின்தானே பாஸ்! தண்ணியில வெச்சா அது மீனாயிடுமா?"

மருமகன் ரிஸ்வான் மகியங்கனைப் பக்கத்து நீர்த்தேக்கம் ஒன்றில் வேகப் போட் ஓட்டுகிறவன். பதினாறடி ஃபைபர் போட். சுற்றுலா வருகிறவர்களைப் பலகையில் நிற்க வைத்துக் கயிற்றால் இழுப்பான். புத்தாண்டு விழாவுக்குப் போட்டி ஓட்டமும் ஓடுவான். கடற்கரைப் பக்கமிருந்து பழையதாக வாங்கிய போட். பின்னால் அறுபது குதிரை எஞ்சின். எழுபது குதிரை எஞ்சின் ஒன்று நானாவின் கூட்டாளியிடம் கைக்கு வந்திருக்கிறது. போட்டின் தகட்டில் எழுபது வரை போடலாம் என்று எழுதியும் இருக்கிறது. பத்தே பத்துக் குதிரை. மாற்றினால் பிரயோசனமா, இல்லையா? இதுதான் கேள்வி.

சனிக்கிழமை இறங்கினேன். ரிஸ்வான் நல்ல பையன். இருபத்தெட்டு வயசு, வெயிலில் கறுத்த முகம், பேசும்போது கை இரண்டும் எஞ்சின் ஓட்டும்.

"முன்னயெல்லாம் நாப்பத்தெட்டு, அம்பது போகும் பாஸ். இப்ப நாப்பத்தஞ்சு கிலோமீட்டரைத் தாண்ட மாட்டேங்குது. ஆளைத் தண்ணியில இருந்து இழுத்துத் தூக்கவும் முக்குது."

பென்சிலை எடுத்தேன். முதல் கேள்விக்குப் பதில்: நாற்பத்தைந்து. முழு வேகத்தில் எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று கேட்டேன். நாலாயிரத்து எழுநூறு என்றான். எஞ்சின் புத்தகத்தைப் புரட்டினால், ஐயாயிரத்துக்கு மேல் சுற்ற வேண்டும் என்று இருக்கிறது. ஆக இரண்டாம் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. போட் கரையோரம் கட்டிக் கிடந்தது. பக்கத்தில் சிவப்பாக ஒரு கோடு அடித்திருந்தார்கள், தண்ணீர் அந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்று. முன்னால் கோடு தெரிந்தது. பின்னால், எஞ்சின் தொங்குகிற இடத்தில், கோடு நாலு விரல் தண்ணீருக்குள் கிடந்தது. உள்ளே ஒரு ஆள் கிடையாது.

இதைப் பார்த்தேன். இரண்டு கண்ணாலும் பார்த்தேன். மூன்றாம் கேள்வியைக் கேட்க வாயையும் திறந்தேன். அப்போதுதான் ரிஸ்வான் சொன்னான்:

"ஏறுங்க பாஸ், ஒரு ரவுண்டு போய்ட்டு வருவோம். ஓடும்போது பார்த்தாத்தான் உங்களுக்கு விளங்கும்."

என் கையில் ஒரு லைஃப் ஜாக்கெட்டைக் கொடுத்தான். அதை மாட்டிக்கொள்ள வேண்டும் என்றாலே, மாட்டாதவன் முழுகுவான் என்றுதானே அர்த்தம்? தண்ணீரைப் பார்த்தேன். அடி தெரியவில்லை. எங்கள் தோட்டத்தில் ஓடுகிற ஆற்றில் நின்றால் முழங்கால் வெளியே தெரியும். நான் அறிந்த தண்ணீர் அவ்வளவுதான். சப்பாத்து புதுசு என்றேன். காலையில் மாத்திரை போடவில்லை என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். அடுத்த பஸ் இரண்டு மணி நேரம் கழித்து என்று நானா சொன்னார். மூன்று பொய்யும் தீர்ந்துவிட்டது. நாலாவது பொய்தான் பெரியது.

"ஏறி என்னத்துக்கு? இந்த வேலையில முப்பத்து மூணு வருஷம். பார்த்தாலே தெரியுது. எழுபது போடலாம்."

நானாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாஸ் சொன்னாச் சரி. நாளைக்கே பூட்டு மகன்."

இவ்வளவு சுலபமாக என் பேச்சை அதற்கு முன் யாரும் நம்பியதில்லை. டீமேக்கர் ஐயா இருந்திருந்தால் பென்சிலைத் திருப்பி வாங்கியிருப்பார்.

மலையேறுகிற பஸ்ஸில் நானே என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். பத்துக் குதிரைதானே. மிஞ்சிப் போனால் மூன்று, மூன்றரை கிலோமீட்டர் கூடும். தண்ணீரும் காற்றைப் போலத்தான், நாம் வேகத்தைக் கூட்டக் கூட்ட அது அதைவிட அதிகமாக எதிர்க்கும். பிரயோசனம் கொஞ்சம், கெடுதல் ஒன்றுமில்லை. இப்படிச் சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன், நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தேத்தண்ணி குடித்துக்கொண்டே பாக்கியத்திடம் என் வீரத்தை அளந்தேன். பாக்கியம் என் மனைவி. இருபத்தைந்து வருஷம் கொழுந்து எடுத்தவள். அவளிடம் கப்பல் கட்டியவன் மாதிரிப் பேசினேன்.

"போட்டு பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து கிடக்கு. பழசாயிடுச்சில்ல, அப்படித்தான் இருக்கும். அதுக்குத்தான் பெரிய எஞ்சின்."

அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "எத்தனை கிலோ கழிச்சீங்க?"

"எதுக்கு?"

"தண்ணிக்கு."

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். மழை நாளில் கொழுந்தை நிறுக்கும்போது, இலையில் ஒட்டிய ஈரத்துக்கு என்று இரண்டு கிலோ கழிப்பார்கள். அந்த இரண்டு கிலோவுக்காகத் தராசடியில் நடக்காத சண்டை இல்லை. அந்தச் சண்டையில் என் மனைவிக்குத்தான் குரல் பெரிது. ஸ்டோர்க்காரன் என்பதால் நான் எப்போதும் தராசின் பக்கம் நின்று சிரித்தவன்.

"நாங்க முதுகுல சுமந்துட்டு வர்ற ரெண்டு மணி நேரத்துல கொழுந்து தண்ணி குடிச்சிடுச்சுன்னு ரெண்டு கிலோ கழிப்பீங்க. அந்தப் போட்டு வருஷக்கணக்கா தண்ணியிலேயே கெடக்குது. அது எவ்வளவு குடிச்சிருக்கும்? அதுக்கு எத்தனை கிலோ கழிச்சீங்கன்னு கேட்டேன்."

தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். நாலு விரல் முழுகின சிவப்புக் கோடு கண் முன்னால் வந்தது. போட்டின் தளத்துக்கு அடியில் மிதப்பதற்காக நுரைப்பஞ்சு அடைத்திருக்கும் என்று ரிஸ்வானே சொல்லியிருந்தான். அது ஊறியிருந்தால்? பஞ்சு ஊறியிருந்தால் அதை ஒட்டி நிற்கிற பலகை? அந்தப் பின்பலகையில்தானே எஞ்சின் தொங்குகிறது!

நடுவுல யாரு தின்னுறான்?

எங்கள் லயத்தடியில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள் பக்கம், போனுக்கு சிக்னல் கிடையாது. கோயில் திருப்பத்துக்குப் போனால்தான் இரண்டு கோடு வரும். சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். வழியில் ஒருவர் "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பின்னாலேயே ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். மரியாதையான ஓய்வு வாழ்க்கை அன்றோடு முடிந்தது.

ரிஸ்வான் எடுக்கவில்லை. நானா எடுத்தார்.

"ஒரு கரைச்சலும் இல்ல பாஸ், எஞ்சின் பூட்டியாச்சு! ஒன்பதரைக்கு ஓட்டிப் பார்க்கப் போறான். நானும் கரையிலதான் நிக்கிறேன்."

"நிப்பாட்டுங்க நானா! போட்டைத் தண்ணியில விடாதீங்க!"

"என்ன பாஸ், நேத்துப் போடலாம்னு சொன்னீங்க?"

மூச்சு வாங்கியது. பின்னால் மூன்று பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். வேறு வழி இல்லை.

"நேத்து நான் சொன்னது பொய் நானா. எனக்கு நீச்சல் தெரியாது."

"நீச்சலுக்கும் எஞ்சினுக்கும் என்ன பாஸ் சம்பந்தம்?"

"போட்டுல ஏறப் பயந்துகிட்டு, பார்க்காமலேயே சரின்னு சொல்லிட்டேன். பின்பலகை ஊறியிருக்கலாம். நான் வர்ற வரைக்கும் யாரும் ஏறக் கூடாது."

என் பின்னால் நின்றவர்களில் ஒருவர் மற்றவரிடம் மெதுவாகச் சொன்னார்: "இதுக்கா நம்மளை இவ்வளவு தூரம் ஓட வெச்சாரு?"

நான் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. நானாவின் முகத்தில் கோபம் இருந்தது. ஆனால் போட் கரையில், இழுவை வண்டியின் மேலேதான் இருந்தது. அது போதும் எனக்கு. ரிஸ்வான் புது எஞ்சினைத் தடவிக்கொண்டு நின்றான். பக்கத்தில் அவன் மனைவி ஷிஃபானா, நானாவின் மகள், கையில் தண்ணீர்ப் போத்தலோடு நின்றாள்.

முதலில் நிறுக்க வேண்டும் என்றேன். போட்டை நிறுக்கிற தராசு எங்கே இருக்கிறது? நெல் ஆலையில் லொறி நிறுக்கிற தராசு இருந்தது. வண்டியோடு இழுத்துக்கொண்டு போனோம். ஆலைக்காரர் போட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஈர நெல் கொண்டுவருகிறவர்களிடம் கேட்கிற மாதிரியே சிங்களத்தில் கேட்டார்: "தெத்த அடு கரன்னத?" ஈரத்தைக் கழிக்கவா என்று. அவர் பகிடிக்குக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

வண்டியின் எடையைக் கழித்தோம். எஞ்சினைக் கழித்தோம், பெற்றோல் டேங்க், பற்றரி, கயிறு எல்லாம் கழித்தோம். மிஞ்சியது, தகட்டில் போட்டிருந்த வெறும் போட்டின் எடையைவிட நூற்று எண்பது கிலோ அதிகம். மூன்று ஆட்கள்! மூன்று பேர் தரைக்கு அடியில் சத்தமில்லாமல் குந்திக்கொண்டு இலவசமாகச் சவாரி போயிருக்கிறார்கள்.

அடுத்தது பின்பலகை. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல பலகை கணீரென்று சொல்லும். இந்தப் பலகை ஓரத்தில் கணீரென்றது, நடுவில் வர வர ஊமையாகிவிட்டது. எஞ்சினை இறக்கச் சொன்னேன். ரிஸ்வான் கீழ்ப்பக்க போல்ட்டைக் கழற்றி இழுத்தான். ஓட்டையிலிருந்து பழுப்புத் தண்ணீர், கடுஞ்சாயத் தேத்தண்ணி மாதிரி, நின்று நிதானமாக ஒழுகியது. உள்ளே பெருவிரலை விட்டேன். விரல் முதல் கணு வரைக்கும் போய்விட்டது. மரம் இல்லை அது, தண்ணீரில் ஊறின பாண் ரொட்டி.

"போல்ட்டு மரத்தைப் பிடிக்கலை. வெளியில இருக்கிற ஃபைபர் தோலை மட்டும்தான் பிடிச்சிருக்கு" என்றேன். "அறுபதே அதைத் தின்னுகிட்டு இருந்திருக்கு. எழுபதைப் போட்டு முழு வேகத்துல விட்டிருந்தா..."

எஞ்சின் பலகையோடு பிய்ந்துகொண்டு போனால் போட்டுக்குப் பின்சுவர் இல்லை. தண்ணீர் உள்ளே வர எவ்வளவு நேரம் வேண்டும்?

ரிஸ்வான் ஷிஃபானாவைப் பார்த்தான். "இன்னைக்கு இவளையும் ஏத்திட்டுப் போறதா இருந்தேன்" என்றான். "பாஸ் சரின்னு சொன்னதால."

நானா ஆலையின் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் உட்கார வேண்டும் போலிருந்தது, ஆனால் அந்த நேரத்தில் உட்காருகிற உரிமை எனக்கு இல்லை என்று நினைத்தேன். "திட்டுறதுன்னா இப்பவே திட்டிடுங்க நானா" என்றேன்.

"திட்டுறது பிறகு. இத எப்படிச் சரிப்படுத்துறதுன்னு சொல்லுங்க" என்றார்.

அதைச் சொல்ல எனக்குத் தெரியும். தளத்தை அறுத்தோம். நுரைப்பஞ்சைக் கட்டி கட்டியாக வெட்டி எடுத்தோம், பிழிந்தால் தண்ணீர். போட்டை மூன்று கிழமை, இருபத்தொரு நாள், கூரைக்குக் கீழே திறந்து போட்டு, காத்தாடி வைத்துக் காயவிட்டோம். கொழுந்து வாட்டத் தெரிந்தவனுக்குப் போட் வாட்டத் தெரியாதா? ஃபைபர் வேலை தெரிந்த ஒருவர் கடற்கரைப் பக்கமிருந்து வந்து புதுப் பின்பலகை வைத்தார், தண்ணீர் குடிக்காத நுரை அடைத்தார். போல்ட் ஓட்டை ஒவ்வொன்றையும் பசை வைத்து அடைத்த பிறகுதான் இறுக்கினோம். புத்தாண்டு ஓட்டம் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. ரிஸ்வான் கரையில் நின்று கைதட்டினான், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

எழுபது எஞ்சின் கூட்டாளியிடம் திரும்பிப் போனது. பழைய அறுபதையே பூட்டினோம்.

ஓட்டிப் பார்க்கிற நாளில் பாக்கியத்தையும் கூட்டிக்கொண்டு போனேன், சாட்சிக்கு. ரிஸ்வான் லைஃப் ஜாக்கெட்டை நீட்டினான். இந்தத் தடவை பொய் எதுவும் கைவசம் இல்லை. ஏறினேன். நான் ஏறியதை ஏறியது என்று சொல்ல முடியாது. ஆட்டுக்குட்டியை லொறியில் ஏற்றுவது போல இரண்டு பேர் ஏற்றினார்கள். ரிஸ்வான் கைப்பிடியைத் தள்ளியதும் போட்டின் மூக்கு தூக்கியது, என் உயிர் பின்பக்கம் போய் எஞ்சின் மேல் ஒட்டிக்கொண்டது. நான் பாக்கியத்தின் கையைப் பிடித்தேன். அவள் கையை உதறிவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, "இன்னும் வேகமாப் போகாதா தம்பி?" என்று கேட்டாள்.

கண்ணை ஒரு பக்கம் திறந்து மீட்டரைப் பார்த்தேன். ஐயாயிரத்து முந்நூறு சுற்று. ரிஸ்வானின் போன் ஐம்பத்தொரு கிலோமீட்டர் காட்டியது. எழுபது போட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய வேகத்தைவிட இது அதிகம், ஒரு குதிரை கூட வாங்காமல். பென்சிலை எடுத்து எழுதலாம் என்று பார்த்தேன். இரண்டு கையும் பக்கப் பிடியை விட மறுத்துவிட்டன.

பெரிய எஞ்சின் எப்போதுமே வீண் என்று நான் சொல்லவில்லை. நிறுத்துப் பார்த்து எடை சரியாக இருந்து, தட்டிப் பார்த்துப் பலகை கணீரென்று சொல்லி, எஞ்சின் தன் சுற்றை முழுசாகச் சுற்றியும் இழுவை போதவில்லை என்றால், தாராளமாகப் போடுங்கள். ரிஸ்வானே அடுத்த வருஷம் இரண்டு பேரை ஒன்றாக இழுக்க வேண்டும் என்று எழுபது போட்டான். அன்றைக்கு நானே போய், ஏறி, ஓட்டிப் பார்த்து, சரி என்றேன். இப்போது அந்தப் போட்டின் மூக்கில் பெயர் எழுதியிருக்கிறான்: 'ரெண்டு கிலோ'. சுற்றுலா வருகிறவர்கள் அர்த்தம் கேட்டால், "மடுல்சீமையில ஒரு அக்கா இருக்காங்க, அவங்ககிட்டக் கேளுங்க" என்கிறானாம்.

அந்த ஊறின பலகையில் ஒரு துண்டை நான் கேட்டு வாங்கி வந்தேன். காய்ந்து இப்போது தக்கை மாதிரி இருக்கிறது, என் பெருவிரல் போன குழி அப்படியே இருக்கிறது. எங்கள் வீட்டு ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்கப் பாக்கியம் அதை முட்டுக் கொடுத்திருக்கிறாள். யாராவது வந்து நான் என் அனுபவத்தை அவிழ்க்கத் தொடங்கினால், அவள் எழுந்து போய் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, அந்தத் துண்டை எடுத்து, என் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைப்பாள்.

பிரசாந்திடம் நேரில் போனேன். மூன்றாம் நம்பர் தொட்டிதான், அதே தொட்டி. அவன் மோட்டரைக் காட்டத் திரும்பினான். நான் காதிலிருந்த பென்சிலை எடுத்து அவனிடம் நீட்டிவிட்டு, வலைக்கு அடியில் பார்க்க முழங்கால் போட்டேன்.